பெரிய சக்கரமும் பழைய பிரேக்கும்

(ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வண்டி என்றதும் எஞ்சினைப் பற்றியும் எரிபொருட் செலவைப் பற்றியுமே பலரும் கேட்பது வழக்கம். நான் எடுத்துக்கொள்ளப் போவது வண்டியை நிறுத்துகிற விஷயம். அதிலும் குறிப்பாக, வண்டிக்குப் பெரிய சக்கரங்களை மாட்டிக்கொண்டு, பிரேக்கை மட்டும் பழையபடியே விட்டுவிடும் வழக்கத்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை போன்ற மலைப் பகுதிகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் சிறு லாரிகளும், பிக்கப் வண்டிகளும், ஜீப்புகளும்தாம் விவசாயிக்குக் கைகொடுக்கின்றன. மிளகும் வாழையும் காப்பியும் இவற்றில்தான் கீழே இறங்குகின்றன. உரமும் சிமெண்டும் இவற்றில்தான் மேலே ஏறுகின்றன. மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் சக்கரத் தடம் முழங்கால் ஆழத்திற்குக் குழிந்துவிடுகிறது. நடுவில் நிற்கும் மேடும் கல்லும் வண்டியின் அடிப்பாகத்தில் இடிக்கின்றன. ஆகவே வண்டிக்காரர் பட்டறைக்குச் சென்று, தொழிற்சாலை கொடுத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உயரமான சக்கரங்களை மாட்டிக்கொள்கிறார். வண்டி சற்று உயர்ந்துவிடுகிறது. கல் இடிப்பதில்லை; சேற்றிலும் சுலபமாக ஏறுகிறது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வெறும் அழகுக்காக மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் இந்தக் கூட்டத்திற்கு வரவும் மாட்டார்கள்.

ஏறுவது சுலபமாகிவிட்டது, இறங்குவது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

தேரோட்டத்தின்போது முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் கட்டையை இடுவது, சக்கரத்தின் விளிம்பு தரையைத் தொடும் இடத்தில். மோட்டார் வண்டியின் பிரேக்கு அவ்வாறு விளிம்பைப் பிடிப்பதன்று. அது சக்கரத்தின் நடுவில், அச்சை ஒட்டி, டிரம் என்னும் இரும்புக் குடத்தையோ டிஸ்க் என்னும் இரும்புத் தட்டையோ பிடித்து நிறுத்துகிறது. வண்டியின் வேகமும் பளுவுமோ விளிம்பில், டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து, சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கின்றன. வீட்டில் பழைய திருகை இருந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சுழலும் மேற்கல்லை விளிம்பில் உள்ளங்கை வைத்து அழுத்தினால் எளிதில் நின்றுவிடும். நடுத் துளைக்கு அருகில் பிடித்து நிறுத்த முயன்றால் கை வலி எடுக்கும். கல்லின் விட்டம் பெருகப் பெருக, நடுவில் பிடிப்பவருடைய பாடு இன்னும் அதிகமாகும். டயரை மாற்றினோம், டிரம்மை மாற்றவில்லை என்றால், திருகையைப் பெரிதாக்கிவிட்டுப் பிடிப்பவரை அதே இடத்தில் நிற்க வைத்ததாகத்தான் பொருள்.

எவ்வளவு அதிகமாகும்? சக்கரத்தின் விட்டம் நூற்றுக்கு எத்தனை பங்கு கூடுகிறதோ, அதே அளவு பிரேக்கின் பிடியும் கூட வேண்டும். இதைக் கணக்கிட, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. 215/75 ஆர் 15 என்று ஒரு டயரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு அளவு டயரின் பக்கச்சுவர் உயர்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். இதைக் கழற்றிவிட்டுப் பலர் விரும்பும் 31 அங்குல டயரை மாட்டினால் விட்டம் 787 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. நூற்றுக்கு 12 பங்கு அதிகம். சிறு லாரிகளில் 7.50-16 டயருக்குப் பதில் 8.25-16 மாட்டுகிறவர்கள் உண்டு. அங்கே சுமார் 81 சென்டிமீட்டர் சுமார் 86 சென்டிமீட்டராகிறது, அதாவது நூற்றுக்கு 6 பங்கு. எண்ணைப் பார்த்தால் சிறிதாகத்தான் தோன்றும். அதன் விளைவு அத்தனை சிறிதன்று.

ஏனெனில் பெரிய சக்கரம் இன்னொரு காரியத்தையும் ஓசையின்றிச் செய்துவிடுகிறது. வேகமானி சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் ஓடுகிறது. முள்ளுக்கு அது தெரியாது. மேலே சொன்ன 31 அங்குல டயரை மாட்டிய வண்டியில் முள் 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது, உண்மையான வேகம் 67 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது விதி. அந்தக் கணக்கில், இந்த 7 கிலோமீட்டர் வேகத்தால் மட்டும் நிறுத்த வேண்டிய சக்தி நூற்றுக்கு 25 பங்கு பெருகிவிடுகிறது. இதனோடு பிரேக்கின் பிடி குறைந்ததையும் சேர்த்துப் பாருங்கள். முன்பு 60 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல பிரேக்குடன் 28 மீட்டரில் நின்ற வண்டி, ஓட்டுநர் அதே முள்ளைப் பார்த்து அதே அழுத்தத்துடன் மிதித்தால், இப்போது 39 மீட்டர் தூரத்தில்தான் நிற்கும். பதினொரு மீட்டர் என்பது பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைப்பதற்குள் ஓடிவிடும் தூரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இவ்விடத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் எழுந்து, “ஐயா, நான் கொஞ்சம் பலமாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்று ரோட்டில் கோடு போடுகிறது. பிரேக்கு போதாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பாரமில்லாத வண்டியில், சமதரையில், பிரேக்கு குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை மிதித்துப் பார்த்துச் சொல்வது அது. ஒன்றரை டன் பாரத்துடன், சரிவில், முப்பதாவது வளைவில் மிதிக்கும்போது என்ன ஆகிறது என்பதே நமக்கு வேண்டிய விவரம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் பாதையில் 40. இந்தப் பாதைகளில் இறங்குகிற வண்டிக்கு ஒரு தடவை மிதிப்பது என்பதே கிடையாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பாரத்துடன் 3 டன் எடையுள்ள வண்டி ஒன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாக மாற்றினால், சாதாரணத் தண்ணீர் 100 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கல்யாண வீட்டில் 100 லிட்டர் தண்ணீரைச் சுடவைக்க எவ்வளவு விறகு வேண்டும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும், டயரின் உராய்வும், எஞ்சினும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி அத்தனையும் நான்கு சக்கரங்களின் நடுவில் உள்ள இரும்பில்தான் இறங்கியாக வேண்டும். இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறினால் லைனிங் தன் பிடியை இழக்கிறது. மிதிக்க மிதிக்க வண்டி நிற்க மறுக்கிறது; புகையும் கருகிய நாற்றமும் கிளம்புகின்றன.

பெரிய சக்கரம் இங்கும் ஒரு தீங்கு செய்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மலையிறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சினைக் கொண்டே வண்டியை இழுத்துப் பிடிப்பது நல்ல ஓட்டுநரின் வழக்கம். சக்கரம் பெரிதானால் கியரின் பல்லை மாற்றியதற்குச் சமானமான விளைவு ஏற்பட்டு, எஞ்சினின் இழுத்துப் பிடிக்கும் விசை நம் உதாரணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. எஞ்சின் விட்ட பளுவைப் பிரேக்கு சுமக்க வேண்டும். பிரேக்கின் பிடியோ முன்னமே குறைந்திருக்கிறது. பழகிய பாதையில் பழகிய கியரில் இறங்குகிற ஓட்டுநர், வண்டி வழக்கத்தைவிடச் சற்று முந்துகிறது என்று மட்டும் உணர்வார். காரணம் அவருக்குத் தெரியாது. பெரிய சக்கரம் மாட்டிய வண்டியை ஏறிய கியரைவிட ஒரு படி தாழ்ந்த கியரில் இறக்குவதே தக்கது.

இனி, பெரிய சக்கரம் தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொண்டு, பிரேக்கை அதற்குத் தக்கபடி உயர்த்துவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இருக்கிற பிரேக்கு அதன் முழுப் பலத்துடன் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலை கொடுத்த பிடியிலேயே இல்லை. லைனிங் தேய்ந்திருக்கும், டிரம் கடைந்து கடைந்து அனுமதித்த அளவைத் தாண்டி மெலிந்திருக்கும், வீல் சிலிண்டரில் எண்ணெய் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் புதுச் சாமான் வாங்குவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதுதான்.

அடுத்தது பிரேக்கு எண்ணெய். இது வாசனைக்கும் நிறத்திற்கும் நன்றாகவே இருந்துகொண்டு கெட்டுப்போகிற பொருள். காற்றிலுள்ள ஈரத்தை இது நாளடைவில் உறிஞ்சிக்கொள்கிறது. டாட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 ஆகிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவ்வளவுகள் 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். ஆவி அழுத்தினால் சுருங்கும் பொருளாதலால், மிதி தரைவரை போகும். சக்கரத்திற்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆகவே மலைப்பாதை வண்டிகளுக்கு இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும். தொட்டியில் குறைந்ததை மட்டும் ஊற்றிவைப்பது பயன் தராது. எல்லாச் சீர்திருத்தங்களிலும் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

பிறகு, பிடியை உண்மையாகவே கூட்டும் வழிகள். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கு இருந்தால், டிஸ்க்கைப் பெரிதாக்கலாம். பிரேக்கு பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போகிறதல்லவா? திருகையை விளிம்பிற்கு அருகில் பிடிப்பது போன்றது அது. 26 சென்டிமீட்டர் டிஸ்க்கை 29 ஆக்கினால் நம் உதாரணத்தில் இழந்த 12 பங்கு திரும்பக் கிடைத்துவிடும். பெரிய தட்டு வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ரிம் 15 அங்குலமாகவே இருந்தால், உள்ளே காலிப்பருக்கு இடம் மிகக் குறுகல்; ரிம்மில் உராயும். டயரைப் பெரிதாக்கியவர்கள் ரிம்மைப் பெரிதாக்குவதில்லை என்பதால் இந்த வழி பலருக்கு அடைபட்டுவிடுகிறது. அப்போது காலிப்பரில் பெரிய பிஸ்டன், நல்ல தரமான பேடு ஆகியவற்றால் ஈடு செய்ய வேண்டியிருக்கும்.

டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டரைப் பெரிதாக்குவது பட்டறைகளில் சொல்லப்படும் சுலப வழி. 1 அங்குல விட்டமுள்ள சிலிண்டருக்குப் பதில், அரைக்கால் அங்குலம் கூடிய சிலிண்டரைப் போட்டால், அதன் பரப்பு நூற்றுக்கு 27 பங்கு கூடிவிடும். பிடியும் அவ்வளவு கூடும். அரைக்கால் அங்குலத்தில் இவ்வளவா என்று வியக்கலாம். ஆயினும் இலவசமாக எதுவும் வருவதில்லை. பெரிய சிலிண்டரை நிரப்ப அதிக எண்ணெய் வேண்டும். மிதி முன்னைவிட ஆழமாக இறங்கும். அதைச் சரிசெய்ய மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால், மிதி கனத்துப்போகும். பூஸ்டரும் மாற வேண்டும். ஏற்றத்தில் துலாவையும் கல்லையும் சாலையும் ஒன்றுக்கொன்று பொருந்த அமைத்தார்களே, அதுபோல இவை ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் பெரிதாக்க இடமில்லை.

இதில் மிகவும் அபாயமான தவறு, பின்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பலப்படுத்துவது. வண்டி நிற்கும்போது பளு முன்னே சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. அப்போது பின்பிரேக்கு முதலில் இறுகினால், வண்டியின் வால் சுழன்று முன்னே வரும். ஈரச் சாலையில் இது கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடும். இதைத் தடுக்கவே சில பிக்கப் வண்டிகளில், பின்அச்சுடன் ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்றை வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அது பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டி உயர்ந்து நின்றால் குறைக்கும். சக்கரத்தோடு ஸ்பிரிங்கையும் உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள் அல்லவா? அந்த வால்வு, முழுப் பாரம் ஏற்றியபோதும் வண்டி காலியாக இருப்பதாகவே எண்ணி, பின்பிரேக்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். உயர்த்திய வண்டியில் பிரேக்கு ரப்பர் குழாய்களும் விறைப்பாக இழுபட்டு நிற்கும். பட்டறையை விட்டு வண்டியை எடுக்குமுன் இவ்விரண்டையும் கீழே குனிந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சரக்கு வண்டியைப் பதிவு செய்யும்போது டயரின் அளவும் குறிப்பிடப்படுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தயாரிப்பாளரே அந்த வண்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டயர் அளவுகளை அனுமதித்திருப்பதும் உண்டு. ஆகவே பட்டறைக்குப் போகுமுன், வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இவ்வளவு செலவும் தொல்லையும் எதற்காக? பாதையில் கல் இடிக்கிறது என்பதற்காக. இங்கேதான் ஊராட்சி மன்ற அங்கத்தினர்களை நான் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. ஓர் ஊரில் பத்து வண்டிகள் இருந்து, பத்துக்கும் பெரிய சக்கரமும் பெரிய பிரேக்கும் போடுவதானால் ஆகிற பணத்தைக் கூட்டிப் பாருங்கள். குழிந்த தடத்தைச் சரளை கொட்டி இறுக்கி, மழைநீர் பாதையில் ஓடாதபடி மேற்சரிவுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, நீர் குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறு பாலம் போட ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதையைக் கெடுப்பது வண்டியைவிட, வடிய வழியில்லாத தண்ணீர்தான். பாதை சீரானால் தொழிற்சாலைச் சக்கரமே போதும். சக்கரம் மாட்டுகிற விவசாயி, ஊராட்சி செய்யத் தவறிய வேலைக்குத் தன் கைப்பணத்தைக் கொடுக்கிறார் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. அறுவடைக் காலத்தில் சரக்கு வண்டியில் மூட்டைகளின் மேல் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து வருவதை எல்லாரும் பார்க்கிறோம். அது சட்ட விரோதம். உயர்த்திய வண்டியில் அதன் அபாயம் இரட்டிப்பாகிறது. வண்டியின் பளு மேலே போய்விட்டதால் வளைவில் சாய்வதும் எளிது. கூலிக்குப் போகிறவர்கள் வேறு வழியின்றித்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பஸ் வருகிற நேரத்தை மாற்றித் தரும்படி போக்குவரத்துக் கழகத்திற்கு எழுதுவது மன்றத்தின் கையில் இருக்கிறது.

ஏற்கனவே பெரிய சக்கரம் மாட்டியிருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத நேரான சமதரையைத் தேர்ந்தெடுத்து, அரைப் பாரம் ஏற்றி, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அடையாளக் கோட்டில் பிரேக்கை மிதித்து, நின்ற தூரத்தை அளக்க வேண்டும். வேகத்தை வண்டியின் முள்ளில் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்தவர் கைப்பேசியில் பார்த்துச் சொல்லட்டும். முள் எவ்வளவு பொய் சொல்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதே ரக வண்டி, தொழிற்சாலைச் சக்கரத்துடன் ஊரில் ஒன்றாவது இருக்கும். அதே பாரத்தோடு அதையும் ஓட்டி இரண்டு தூரங்களையும் ஒப்பிட வேண்டும். பிறகு இரண்டு வண்டிகளையும் ஐந்தாறு தடவை அடுத்தடுத்து நிறுத்தி, பிரேக்கு சூடேறியபின் மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவில்தான் வித்தியாசம் வெளிப்படும். இதற்கு வேண்டியவை ஒரு சுண்ணாம்புக் கட்டி, ஓர் அளவு நாடா, ஒரு கைப்பேசி, மூட்டைகளை ஏற்றி இறக்க நான்கு ஆட்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்கி, ஊர் ஓட்டுநர்கள் எல்லாரையும் அழைத்து வைத்துச் செய்யுங்கள். அளந்த தூரங்களை மன்றத்தின் குறிப்பேட்டில் வண்டி எண்ணோடு எழுதி வையுங்கள்.